லாக் புக்கில் கையெழுத்துப் போடுகிறவன் எழுதும் மடல்

துணை மருத்துவப் படிப்புகளுக்குப் பாடத்திட்டம் வகுக்கும் பல்கலைக்கழகக் குழுவினருக்கும், அவற்றை நடத்தக் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுக்கும் கவுன்சிலில் இருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

நான் ஒரு மருத்துவமனையின் அணு மருத்துவப் பிரிவில் டெக்னாலஜிஸ்ட். கதிரியக்க மருந்தை உடம்புக்குள் செலுத்தி, அது போய் உட்காரும் இடத்தைப் படமெடுக்கும் பிரிவு அது. வேலைக்குச் சேர்ந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஊர் பெயரையும் ஆஸ்பத்திரி பெயரையும் சொல்லப்போவதில்லை. சொன்னால் பேச்சு அந்தப் பக்கம் போய்விடும். வெளிக் கல்லூரிகளிலிருந்து கடைசி வருஷப் பிள்ளைகள் எங்கள் பிரிவுக்குப் பயிற்சிக்கு வருவார்கள். முடித்துப் போகும்போது, செய்த ஸ்கேன்களை அவர்கள் குறித்து வைக்கும் லாக் புக்கில் நான் கையெழுத்துப் போட வேண்டும். இந்தக் கடிதம் அந்தக் கையெழுத்தைப் பற்றியது.

போன வருஷம் ஒரு பையனின் லாக் புக்கைப் புரட்டிக்கொண்டிருந்தேன். முத்து முத்தான எழுத்து. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே நீல மை. ஒரே வாரத்தில் 11 எலும்பு ஸ்கேன் எடுத்ததாக ஓரிடத்தில் எழுதியிருந்தான். தேதியைப் பார்த்தேன். அந்த வாரம், மருந்திலிருந்து வரும் கதிரைப் படமாக்கும் எங்கள் காமா கேமரா பழுதாகி, பாகம் வரும்வரை அறையையே பூட்டி வைத்திருந்தோம்.

"தம்பி, இந்தப் பதினொன்னையும் எதுல எடுத்தே?" என்றேன்.

தலையைக் குனிந்துகொண்டான். "நூறு கேஸ் காட்டணும்னு காலேஜ்ல சொல்லியிருக்காங்க சார். இங்க வந்தே ரெண்டு மாசம்தான் ஆச்சு. நான் என்ன சார் பண்றது?"

எனக்குக் கோபம் வரவில்லை. பொய் எழுதினான், சரி. ஆனால் எழுத வைத்தது யார்? மூன்று வருஷம் அணு மருத்துவத் தொழில்நுட்பம் படித்திருக்கிறான். காமா கேமரா என்ற ஒன்றை முதன்முதலில் கண்ணால் பார்த்தது எங்கள் பிரிவில்தான். அவன் கல்லூரியில் கேமரா கிடையாது. கதிரியக்க மருந்தைத் தயாரிக்கும் ஹாட் லேப் கிடையாது. கதிரியக்க ஐசோடோப்பு என்று ஒரு துளிகூட அந்தக் கட்டடத்துக்குள் வந்ததில்லை. புரொஜெக்டர் இருக்கிறது, நல்ல ஏசி வகுப்பறை இருக்கிறது. ஃபீஸ் வாங்கிய ரசீதும் இருக்கிறது.

அவனை உட்கார வைத்து ஒரு கணக்குக் கேட்டேன். "மதியம் 12 மணிக்கு ஒரு பேஷண்டுக்கு 20 மில்லிகியூரி டெக்னீஷியம் போடணும். காலையில 9 மணிக்கு சிரிஞ்சுல எவ்வளவு இழுத்து வைப்பே?"

டெக்னீஷியம்தான் நாங்கள் ஊசியில் போடும் கதிரியக்கப் பொருள்; மில்லிகியூரி அதன் கதிரியக்கத்தை அளக்கும் அலகு. சூத்திரத்தைக் கடகடவென்று எழுதினான். லாம்டா, அடுக்கு, மடக்கை எல்லாம் சரி. ஆனால் விடை வரவில்லை. டெக்னீஷியத்தின் அரை ஆயுள், அதாவது அதன் கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் நேரம், 6 மணி நேரம். 3 மணி நேரம் என்பது அதில் பாதி. அப்போது 20-ஐப் போல 1.4 மடங்கு எடுக்க வேண்டும், அதாவது 28. ஹாட் லேபில் நிற்கிறவனுக்கு இது வாய்ப்பாடு மாதிரி. கடைக்காரர் சில்லறை எண்ணுவது போல வாயிலேயே வர வேண்டும். தெரியாமல் 9 மணிக்கு 20 மட்டும் இழுத்து வைத்தால், பன்னிரண்டுக்கு அதில் 14 சொச்சம்தான் மிஞ்சியிருக்கும். அதைப் போட்டால் படம் மங்கும். படத்தைத் தேற்ற ஸ்கேன் நேரத்தை நீட்ட வேண்டும். முதுகெலும்பெல்லாம் புற்று பரவிய மனிதரை அந்தக் கட்டிலில் இன்னும் கால் மணி நேரம் அசையாமல் படுக்கச் சொல்வது எப்படி என்று, சொல்லிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

உங்களில் சிலர் ஹாட் லேபைப் பார்த்திருக்க மாட்டீர்கள். கொஞ்சம் உள்ளே கூட்டிப்போகிறேன்.

எங்கள் நாள் காலை ஆறரைக்குத் தொடங்கும். ஈயக் கவசத்துக்குள் ஜெனரேட்டர் உட்கார்ந்திருக்கும். கரண்ட் தருவது இல்லை, டெக்னீஷியம் தருவது. பார்க்க ஒரு பெரிய டிபன் கேரியர் அளவுதான். தூக்கினால்தான் கனம் தெரியும். அதற்குள் ஒரு சின்ன அலுமினா குழாயில் மாலிப்டினம்-99 ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் அரை ஆயுள் 66 மணி நேரம். அது சிதைந்து சிதைந்து டெக்னீஷியம்-99எம் ஆகிறது. ஒரு பக்கம் சலைன் குப்பியைச் செருகி, மறுபக்கம் காற்று நீக்கிய குப்பியை வைத்தால், சலைன் உள்ளே ஓடி டெக்னீஷியத்தை மட்டும் அலசிக்கொண்டு வரும். மாலிப்டினம் குழாயிலேயே தங்கிவிடும். ஜெனரேட்டருக்கு உலகம் முழுக்க எங்கள் தொழிலில் 'பசு' என்றுதான் பட்டப்பெயர். காலையில் கறந்தால், மறுநாள் காலைக்குள் மறுபடி மடி நிறைந்துவிடும்.

கறந்த பிறகுதான் வேலையே. டோஸ் கேலிப்ரேட்டரில் அளவு பார்க்க வேண்டும். மாலிப்டினம் கொஞ்சமாவது கசிந்து வந்திருக்கிறதா என்று ஈயக் குடுவைக்குள் வைத்து மறுபடி அளக்க வேண்டும்; ஒரு மில்லிகியூரி டெக்னீஷியத்துக்கு 0.15 மைக்ரோகியூரிக்கு மேல் போனால் அந்தக் குப்பியைத் தொடக்கூடாது. அலுமினியம் வந்திருக்கிறதா என்று காகிதத்தில் ஒரு சொட்டு விட்டு நிறம் பார்க்க வேண்டும். அப்புறம் கிட்டுகள், அதாவது டெக்னீஷியத்தை அந்தந்த உறுப்புக்குக் கொண்டுபோகும் மருந்துக் குப்பிகள். எலும்புக்கு ஒன்று, இதயத்துக்கு ஒன்று, சிறுநீரகத்துக்கு ஒன்று. இதயத்துக்கான செஸ்டமிபி குப்பியைக் கொதிநீரில் பத்து நிமிஷம் வைக்க வேண்டும். எலும்புக்கான எம்டிபிக்கு அந்த வேலை இல்லை. இவ்வளவையும் செய்யும்போது கை எவ்வளவு வேகமாக நகர்கிறதோ அவ்வளவு குறைவாகக் கதிர் வாங்குவோம். ஆனால் வேகம் என்று பதறினால் குப்பி கீழே விழும். விழுந்தால் அன்றைக்கு முழுக்கத் தரையைத் துடைத்துக்கொண்டு, கதிர் அளக்கும் சர்வே மீட்டரைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

இதை எந்த ஸ்லைடில் கற்றுக்கொடுப்பீர்கள்?

பிள்ளைகளை முதலில் வெறும் தண்ணீரை வைத்துப் பழக்குவோம். ஈய உறை போட்ட சிரிஞ்சால் சாதா சலைனை இழுத்து இழுத்துப் பழக வேண்டும். அந்த உறையின் கனத்துக்கு முதல் வாரம் எல்லோருக்கும் மணிக்கட்டு வலிக்கும். பத்து நாள் போனால் கை தானாகப் பிடிபடும். அதற்குப் பிறகுதான் அசல் டோஸ். இதற்கு ஒரு அறை வேண்டும், அந்த அறையில் பொறுமையான ஒரு ஆள் வேண்டும், முக்கியமாக நாள் வேண்டும். இரண்டு மாதத்தில், அதுவும் பத்துப் பேர் ஒன்றாக வந்து நிற்கும் இரண்டு மாதத்தில், இது நடக்காது. எங்கள் ஹாட் லேபில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. இடமிருந்தாலும் விட மாட்டேன். வேடிக்கை பார்க்கிறவனும் கதிர் வாங்குகிறான் அல்லவா? முப்பது சீட்டுக்கு அனுமதி கொடுக்கும்போது அந்த முப்பது பேரும் எந்த ஹாட் லேபில், எந்த நாளில், எத்தனை எத்தனை பேராக நிற்கப்போகிறார்கள் என்று யாராவது கணக்குப் போட்டீர்களா? போட்டிருந்தால் அந்தத் தாளைப் பார்க்க ஆசை.

மருந்து தயாரிப்பதோடும் முடிவதில்லை. சில வருஷங்களுக்கு முன் ஒரு பெரியவர் வந்தார். புராஸ்டேட் புற்றுநோய். எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க ஸ்கேன். ஊசி போட்டு, தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லி, மூன்று மணி நேரம் கழித்துப் படம் எடுத்தோம். இடது இடுப்புக்குக் கீழே பளிச்சென்று ஒரு கரும்புள்ளி. பரவிவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அன்றைக்குக் கேமராவில் இருந்தது ஒரு பயிற்சி மாணவி. அவளுக்குச் சந்தேகம் வந்தது. பெரியவரை மெதுவாக எழுப்பி, வேட்டியை மாற்றச் சொல்லி, தொடையைத் துடைத்துவிட்டு, மறுபடி அதே இடத்தைப் படம் எடுத்தாள். புள்ளி காணோம். கழிப்பறைக்குப் போய்வந்தபோது வேட்டியில் பட்ட இரண்டு சொட்டுச் சிறுநீர்தான் அது. மருந்து சிறுநீரில்தானே வெளியேறுகிறது.

அவள் துடைக்காமல் விட்டிருந்தால்? அறிக்கை எழுதும் மருத்துவரும் கெட்டிக்காரர்தான். ஒருவேளை கேட்டிருப்பார், ஒருவேளை பெரியவர் வீட்டுக்குப் போன பிறகு கேட்டிருப்பார். அந்த மாணவி படித்தது கேமராவும் வார்டும் உள்ள கல்லூரியில். முதல் வருஷத்திலிருந்தே இந்த மாதிரி புள்ளிகளைப் பார்த்துப் பார்த்து ஏமாந்தவள். ஊசி நரம்பை விட்டு விலகினால் அக்குளில் ஒரு நிணநீர்க் கணு ஒளிர்வதையும் பார்த்திருக்கிறாள், பாக்கெட்டில் நாணயம் இருந்தால் எலும்பில் ஓட்டை விழுந்த மாதிரி வெள்ளையாகத் தெரிவதையும் பார்த்திருக்கிறாள். ஏமாந்து பழகத்தான் பயிற்சி.

புற்றுநோயைத் தேடும் பெட் ஸ்கேன் வந்த பிறகு நேரத்தின் நெருக்கடி இன்னும் கூடிவிட்டது. அதில் பயன்படும் ஃபுளோரின்-18-க்கு அரை ஆயுள் 110 நிமிஷம்தான். அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் எந்திரம் இருக்கும் ஊரிலிருந்து வண்டியில் ஏற்றி, மூன்று மணி நாற்பது நிமிஷம் கழித்து வந்து சேர்ந்தால், ஏற்றியதில் கால்வாசிதான் கையில் இருக்கும். வழியில் ஒரு ரயில்வே கேட் மூடினாலும் எங்களுக்கு வயிற்றில் புளி கரைக்கும். கடைசி பேஷண்டுக்குப் போதுமா, யாரை முதலில் ஏற்றுவது, சர்க்கரை அதிகமாக வந்தவரை என்ன செய்வது, இதையெல்லாம் டெக்னாலஜிஸ்ட் அந்த நிமிஷத்தில் கணக்குப் போட்டு மருத்துவரிடம் சொல்ல வேண்டும். 2009 மே மாதம் கனடாவின் சாக் ரிவர் அணு உலை திடீரென்று நின்று, மறுபடி ஓட 2010 ஆகஸ்ட் ஆனது. உலகத்துக்கு வேண்டிய மாலிப்டினத்தில் பெரிய பங்கைக் கொடுத்துக்கொண்டிருந்த உலை அது. பல நாடுகளில் ஸ்கேன்கள் தள்ளிப்போயின. இருக்கிற கொஞ்சத்தை வைத்துக்கொண்டு எத்தனை பேருக்குப் பகிரலாம் என்று கணக்குப் போடத் தெரிந்தவர்கள் அப்போது எவ்வளவு வேண்டியிருந்தார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள்.

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. மும்பையில் இருக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், தகுதியுள்ள டெக்னாலஜிஸ்டும் கதிர்ப் பாதுகாப்பு அலுவலரும் இல்லாமல் எந்த மருத்துவமனைக்கும் அணு மருத்துவப் பிரிவு நடத்த உரிமம் கொடுப்பதில்லை. வாங்கிய கதிரை அளக்கும் டிஎல்டி பேட்ஜ் மார்பில் இல்லாமல் நாங்கள் உள்ளே கால் வைப்பதில்லை. ஆனால் வாரியத்தின் கண் மருத்துவமனையின் மேல்தான். வகுப்பறை உங்கள் பொறுப்பு. 2021-இல் வந்த இணை மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் மணிக்கணக்கு வைத்திருக்கிறது: ஒரு நிலைக்கு 2,000 மணி நேரம், மேல் நிலைக்கு 3,600 மணி நேரம். நல்லது. அந்த மணிகளில் எத்தனை, இயங்குகிற கருவியின் முன்னால் கழிய வேண்டும் என்பதுதான் என் கேள்வி. நேரத்தைச் சும்மா உட்கார்ந்தும் கழிக்கலாம். எங்களிடம் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளையே, முன்பு அனுப்பிய ஓர் இடத்தில் பில் கவுன்டரில் உட்கார வைத்திருந்தார்களாம். அதுவும் மணிக்கணக்கில் சேர்ந்துதான் இருக்கும்.

இந்தக் கவலையைச் சின்ன அளவில் எடுத்துக்கொள்ளாதீர்கள். புதுச்சேரி ஜிப்மர் மாதிரி சொந்தப் பிரிவு வைத்துக்கொண்டு இந்தப் படிப்பை நடத்துகிற இடங்கள் இருக்கின்றன. மும்பையில் 1963-இல் தொடங்கிய கதிர் மருத்துவ மையம் இன்றும் ஆள்களைப் பயிற்றுவித்து அனுப்புகிறது. அங்கிருந்து வருகிறவர்களோடு வேலை செய்தால் முதல் நாளே வித்தியாசம் தெரியும். ஒரே பட்டப்பெயரில் இரண்டு விதமான ஆள்கள் வெளியே வருகிறார்கள். வேலைக்கு எடுக்கிறவருக்கு அது தெரிகிறது, பிளஸ் டூ முடித்துவிட்டு கவுன்சலிங் வரிசையில் நிற்கிற பிள்ளைக்கும் அதன் அப்பாவுக்கும் தெரிவதில்லை.

சரி, இப்போது சோனோகிராபிக்கு, அதாவது அல்ட்ராசவுண்டு ஸ்கேனுக்கு, வருகிறேன். இது என் தொழில் இல்லை. ஆனால் என் வீட்டில் நுழைந்த விஷயம்.

என் அண்ணன் மகள் ஒரு கல்லூரியில் சேர்ந்தாள். படிப்பின் பெயரில் ரேடியாலஜி இருந்தது. விளம்பரத் தாளில் சோனோகிராபி என்று கொட்டை எழுத்தில் இருந்தது. ஸ்கேனுக்காக உடம்பின் மேல் வைக்கும் புரோப்பைக் கையில் பிடித்த ஒரு பெண்ணின் படமும் இருந்தது. படிப்பும் பயிற்சியும் முடிந்து வளைகுடாவில் ஒரு வேலைக்கு வீடியோ நேர்காணல் வந்தது. முதல் கேள்வி, "நீங்களே தனியாக எத்தனை தைராய்டு ஸ்கேன் செய்திருக்கிறீர்கள்?"

அன்று ராத்திரி எனக்குப் போன் செய்தாள். "சித்தப்பா, நான் ஜீரோன்னு சொல்லிட்டேன். பொய் சொல்லியிருக்கணுமா?"

இத்தனை வருஷமும் அவள் செய்தது என்ன? பேஷண்ட் பெயரைக் கூப்பிடுவது. "தண்ணி குடிச்சீங்களாம்மா? யூரின் முட்டுதா?" என்று கேட்பது. ஜெல் பிதுக்குவது. கர்ப்பிணி ஸ்கேனுக்குச் சட்டம் கேட்கும் எஃப் படிவம் நிரப்புவது. டாக்டர் சொல்லச் சொல்ல ரிப்போர்ட் தட்டுவது. கடைசியில் புரோப்பைத் துடைத்து மாட்டுவது. துடைப்பதற்கு மட்டும் அவள் கையில் புரோப் வந்தது.

கல்லூரியைக் கேட்டால் சட்டத்தைக் காட்டுவார்கள். அது பொய்யும் இல்லை. கருவில் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் விதிகளும் கர்ப்பிணிக்கு யார் ஸ்கேன் செய்யலாம் என்று வரையறுத்திருக்கின்றன. அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் எல்லோரும் மருத்துவர்கள். எம்பிபிஎஸ் படித்தவருக்கே 2014-ஆம் ஆண்டு விதிகள் ஆறு மாதம், 300 மணி நேரம் தனிப் பயிற்சியும் தேர்வும் கேட்கின்றன. மெஷின் ஒவ்வொன்றும் பதிவாகியிருக்க வேண்டும். ஸ்கேன் சென்டர் வாசலில் 'இங்கு பாலினம் சொல்லப்படமாட்டாது' என்ற பலகை இல்லாவிட்டால் சீல்தான்.

இந்தச் சட்டத்தைத் தளர்த்துங்கள் என்று நான் கேட்கவில்லை. இந்த மண்ணில் எதற்காக அது வந்தது என்று தெரிந்த வயசு எனக்கு. பெண் சிசுவைக் கொல்லாமல் அரசிடம் விட்டுவிடுங்கள் என்று 1992-இல் சேலத்தில் தொட்டில் வைக்க வேண்டியிருந்த மாநிலம் இது. 2011 கணக்கெடுப்பில் ஆறு வயசுக்குட்பட்ட பிள்ளைகளில் 1,000 ஆணுக்கு நாடு முழுக்க 919 பெண், நம் மாநிலத்தில் 943. பலகையும் எஃப் படிவமும் இருந்தே இந்த நிலைமை. அதனால் கர்ப்பிணியின் வயிற்றுப் பக்கம் மருத்துவர் அல்லாதவர் கை போகக் கூடாது என்றால், சரி, போக வேண்டாம்.

ஆனால் 2021 சட்டத்தின் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். கதிரியல் மற்றும் படமெடுப்புத் தொழில்களின் வரிசையில் சோனோகிராபர் என்ற பெயரும் இருக்கிறது. ஒரு சட்டம் அப்படியொரு தொழிலாளி உண்டு என்று எழுதிவைத்திருக்கிறது. இன்னொரு சட்டத்தின் பயத்தில் யாரும் அவர் கையில் புரோப்பைக் கொடுப்பதில்லை. நடுவில் கல்லூரி ஃபீஸ் வாங்குகிறது. இப்படியொரு ஏற்பாட்டை வேண்டுமென்றே யோசித்தாலும் உருவாக்கியிருக்க முடியாது.

கர்ப்பப்பை மட்டும்தானா அல்ட்ராசவுண்டு? கால் வீங்கி வருகிறவருக்கு நரம்பில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று பார்ப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். தொடையில் புரோப்பை வைத்து மெதுவாக அழுத்த வேண்டும். ரத்தக்குழாய் அமுங்கி மூடிக்கொண்டால் உறைவு இல்லை. அழுத்தியும் மூடவில்லை என்றால் உள்ளே கட்டி நிற்கிறது. தொடையிலிருந்து முழங்காலுக்குப் பின்புறம் வரை விரல் விரலாக அழுத்திக்கொண்டே இறங்க வேண்டும். ஒரு இடத்தை விட்டுவிட்டால் அந்த இடம் படத்தில் இல்லவே இல்லை. எக்ஸ்ரேயும் சிடியும் அப்படியில்லை. எடுத்தவர் கவனிக்காததை அப்புறம் வேறொருவர் படத்தில் கண்டுபிடிக்கலாம். அல்ட்ராசவுண்டில் கை போகாத இடத்தை எந்தப் பெரிய டாக்டராலும் பிறகு பார்க்க முடியாது. அதனால்தான் இந்த வித்தையைக் கையில்லாமல் கற்பிப்பது நீச்சலைப் போர்டில் வரைந்து காட்டுவது மாதிரி.

மற்ற நாடுகளில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் 1975-இலிருந்து சோனோகிராபர்களுக்கென்று தனிப் பதிவு அமைப்பு இருக்கிறது. வயிறு, ரத்தக்குழாய், மார்பகம் என்று பிரிவு வாரியாகத் தேர்வு. படத்தை சோனோகிராபர் எடுக்கிறார், மருத்துவர் படித்து முடிவு சொல்கிறார். பிரிட்டனில் ரேடியோகிராபராக இருந்து மேற்படிப்பு படித்து வந்த சோனோகிராபர்கள் அறிக்கையே எழுதுகிறார்கள். நம் ஊரிலும் இதய எக்கோவைப் பல ஆஸ்பத்திரிகளில் டெக்னீஷியன்தான் எடுக்கிறார், இதய மருத்துவர் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார். எல்லோருக்கும் தெரிந்தேதான் இது நடக்கிறது. அப்போ கழுத்துக்கும் காலுக்கும் மட்டும் என்ன தடை?

தடைக்கு ஒரு காரணம் சொல்வார்கள், அதையும் நானே சொல்லிவிடுகிறேன். கழுத்தில் வைக்கிற புரோப் வேறு, வயிற்றில் வைக்கிற புரோப் வேறு. ஆனால் மெஷின் ஒன்றுதான். பழகிய கை, பூட்டிய அறை, காசு கொடுக்கத் தயாராக ஒரு குடும்பம் என்றால் என்ன ஆகும் என்று அதிகாரிகள் பயப்படுகிறார்கள். நியாயமான பயம். பதிவு பெற்ற மையத்தில், ரேடியாலஜிஸ்ட் இருக்கும்போது மட்டும், வயிற்றுக்கான புரோப் இல்லாத மெஷினில், இன்னின்ன உறுப்புகள் என்று எழுத்தில் வரையறுத்தால் அந்தப் பயத்தைப் பெருமளவு அடக்கலாம் என்பது என் எண்ணம். மேலிடத்துச் சட்டத்தை நீங்கள் மாற்ற முடியாது, தெரியும். ஆனால் வரையறை வரும்வரை சோனோகிராபி என்ற பெயரில் ஒரு சீட்டுக்கும் அனுமதி இல்லை என்று உங்களால் சொல்ல முடியும். விளம்பரத் தாளில் அந்த வார்த்தையை அடிக்கச் சொல்ல முடியும். புரோப் பிடித்த பெண்ணின் படத்தை எடுக்கச் சொல்ல முடியும். அதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் வேண்டாம்.

என் அண்ணன் மகள் இப்போது ஒரு ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷனில் இருக்கிறாள். எஃப் படிவம் நிரப்புவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

இன்னொரு விஷயம், இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. எங்கள் பிரிவு வாசலில் 'அணு மருத்துவம்' என்று பலகை இருக்கிறது. தென் மாவட்டத்திலிருந்து வந்த ஒரு அம்மா அதைப் பார்த்துவிட்டு உள்ளே வர மறுத்துவிட்டார். "அணுன்னா கூடங்குளம் மாதிரிங்களா?" அந்த ஊர்ப் பக்கம் 2011, 2012-இல் என்ன நடந்தது என்று பார்த்தவருக்கு அந்தக் கேள்வி இயல்பு. எம்ஆர்ஐக்குக்கூட ஆரம்பத்தில் பெயரில் 'நியூக்ளியர்' இருந்தது. ஜனங்கள் பயப்படுகிறார்கள் என்றுதான் எடுத்தார்கள். எங்களால் எடுக்க முடியாது, எங்களிடம் இருப்பது நிஜமாகவே கதிரியக்கம்.

அந்த அம்மாவிடம் பேசச் சொல்லி ஒரு பயிற்சி மாணவனை அனுப்பினேன். "மேடம், இது காமா எமிட்டர், டோஸ் வந்து மினிமல், ஹாஃப் லைஃப் சிக்ஸ் அவர்ஸ்" என்று ஆரம்பித்தான். அந்த அம்மா முகம் இன்னும் வெளிறிவிட்டது. நான் போய் உட்கார்ந்தேன். "அம்மா, ஊசியில போற மருந்து எங்கெங்க போய் உட்காருதுன்னு கேமரா பார்க்கும். கேமரா உங்க மேல எதையும் பாய்ச்சாது. மருந்தோட வீரியம் ராத்திரிக்குள்ள நாலுல ஒண்ணாயிடும். நிறைய தண்ணி குடிச்சு ஒண்ணுக்குப் போனா சீக்கிரம் வெளியேறிடும். இன்னிக்கு மட்டும் பேரனை மடியில வெச்சுக்க வேணாம். நாளைக்கு எப்பவும் போல இருங்க."

"பேரனுக்கு ஒண்ணும் ஆகாதே?" என்று ஒரு முறை கேட்டார். பிறகு உள்ளே வந்தார்.

தைராய்டு புற்றுக்கு அயோடின்-131 குடிக்கிறவருக்கு இந்தப் பேச்சு இன்னும் நீளமாக வேண்டும். அதன் அரை ஆயுள் 8 நாள். தனி அறை, தனிக் கழிப்பறை, கழிவு போய்ச் சேரத் தனித் தொட்டி. வீட்டுக்குப் போன பிறகும் சில நாள் தள்ளிப் படுக்க வேண்டும், பால் கொடுக்கும் தாயாக இருந்தால் அந்தக் குழந்தைக்குத் தாய்ப்பாலை முன்பே அடியோடு நிறுத்தியிருக்க வேண்டும். இதையெல்லாம் ஆங்கிலத்தில் அச்சடித்த தாளைக் கையில் கொடுத்து 'ரீட் பண்ணிக்கோங்க' என்று சொல்லி அனுப்புகிற பட்டதாரிகளைத்தான் நாம் உருவாக்குகிறோம். செய்முறைத் தேர்வில் பத்து மதிப்பெண் ஒதுக்குங்கள்: எதிரே ஒரு நோயாளியை உட்கார வைத்து, தமிழில், அவருக்குப் புரிகிற மாதிரி ஐந்து நிமிஷம் பேசச் சொல்லுங்கள். வெளியிலிருந்து வரும் தேர்வாளருக்கும் அது நல்ல பாடமாக இருக்கும்.

உதவித்தொகை, பேட்ஜ் பற்றியெல்லாம் நீட்டவில்லை. பயிற்சி வருஷத்தில் பிள்ளைகளுக்கு வண்டிக் காசாவது வர வேண்டும்; டிஎல்டி பேட்ஜ் இல்லாமல் யாரையும் எங்களிடம் அனுப்பக் கூடாது. சொல்லித் தெரிய வேண்டிய விஷயங்கள் இல்லை இவை.

நான் கேட்பது இதுதான். அணு மருத்துவத்துக்கு அனுமதி கேட்டு வரும் கல்லூரியிடம் கட்டடத்தின் சதுர அடியைக் கேட்பதற்கு முன், கேமரா எங்கே, அது வாரத்தில் எத்தனை நாள் ஓடுகிறது, போன மாதம் எத்தனை ஜெனரேட்டர் வாங்கினார்கள் என்று கேளுங்கள். வெளி மருத்துவமனையோடு ஒப்பந்தம் என்று சொன்னால், அந்த மருத்துவமனையில் இதே மாதிரி இன்னும் எத்தனை கல்லூரிகள் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன என்று பாருங்கள். ஒரே கேமராவை நாலு கல்லூரி காட்டுவது எனக்குத் தெரியும். முதல் வருஷத்திலேயே பிள்ளைகளைக் கருவியின் முன் நிறுத்துங்கள். நூறு கேஸ் என்ற எண்ணிக்கையைத் தூக்கிவிட்டு, பத்தை என் கண் முன்னால் செய்து காட்டச் சொல்லுங்கள். லாக் புக்கில் மருத்துவமனையின் பதிவு எண்ணோடு ஒவ்வொரு கேஸும் ஒத்துப்போகிறதா என்று வருஷத்துக்கு ஒருமுறை யாராவது வந்து நாலு பக்கத்தைச் சரிபார்த்தாலே பாதிப் பொய் நின்றுவிடும்.

கேமரா பூட்டியிருந்த வாரத்துப் பையனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அந்தப் பக்கத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. கல்லூரியிடம் பேசி, இன்னும் ஆறு வாரம் எங்களிடமே இருக்க வைத்தேன். கடைசி நாள் காலையில் அவனே ஜெனரேட்டரைக் கறந்தான். 12 மணி பேஷண்டுக்கு என்னைக் கேட்காமலே 28 இழுத்து வைத்தான். கல்லூரி அந்த ஆறு வாரத்துக்கு அவனிடம் அபராதம் வாங்கியது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இந்த வருஷத்து லாக் புக்குகள் எட்டு என் மேசையில் இருக்கின்றன. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வேண்டுமாம். ஐந்தில் போட்டுவிட்டேன். மீதி மூன்று, காமா கேமராவே இல்லாத கல்லூரிகளிலிருந்து வந்தவை. அவற்றை என்ன செய்வது என்று நீங்கள் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை வரை திறந்து பார்க்காமல் வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
அணு மருத்துவ டெக்னாலஜிஸ்ட் ஒருவன்